இடக்கைப் பிரேக்

புதன். தைப்பொங்கல் கழிந்த கிழமை.

விடியற்காலை பனி. துவாய் காயவில்லை, ஈரத்தோடேயே பைக்குள் வைத்தேன்.

கொண்டுபோனவை: இவருடைய மாத்திரை (இரண்டு பைகளில் பிரித்து, ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும்), காற்றடிக்கிற பம்பு, குடை, பிஸ்கட், பிரஷர் பார்க்கிற மிஷின். மிஷினைக் கண்டதும் இவருக்குச் சிரிப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலையும் கரியரில் கட்டும்படி சொன்னார்.

போன ஆனியில் பாரிசவாதம் வந்து இவருக்கு இடப்பக்கம் விழுந்தது. கால் முக்கால்வாசி வந்துவிட்டது. கைதான் இன்னும். சைக்கிள் ஓடலாம், மேடுபள்ளம் இல்லாத இடமாக, ஆறுதலாக, என்றார் டொக்டர். இவர் உடனே வழுக்கையாறு என்றார். அளவெட்டிப் பக்கம் தொடங்கி அராலியில் கடலில் விழும் வரைக்கும் கரையோடு போவதாம். யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே இருக்கிறது என்று கொழும்பிலிருந்து மகள் கேட்டாள். இந்த மாரி நல்ல மழை, ஆறு என்று சொல்லுமளவுக்குத் தண்ணீர் ஓடுகிறது என்றேன். மற்றவர்களுக்கு அரைநாள் வேலை. எங்களுக்கு மூன்று நாள்.

ஆறு பார்ப்பதல்ல விஷயம். வருகிற கிளினிக்கில் டொக்டர் கேட்கப்போவது ஒரே கேள்வி: இவர் திரும்பவும் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூட வான் ஓடலாமா. கியர் இடக்கையில். போனமுறை என் பக்கம் திரும்பி, கூட இருக்கிற நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும் என்றுவிட்டார். ஏலாது என்று சொன்னால் இவர் உடைந்துபோவார். ஏலும் என்று சொல்லி, பிறத்தியாருடைய பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால்?

கொக்குவிலில் இருந்து வெளிக்கிட்டுப் பத்து நிமிடத்தில் முதல் சண்டை. இவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கோயில் வாசலைச் சைக்கிளில் இருந்தபடி தாண்டமாட்டார். இறங்கி, நின்று, கும்பிட்டு, பிறகு ஏறுவார். நான் எல்லோரையும் போல சீற்றில் இருந்து கொஞ்சம் எழும்பி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போகிற ஆள். நல்லாக இருந்த காலத்தில் சரி. இப்போது இறங்குவதும் ஏறுவதும்தான் இவருக்கு ஆகக் கஷ்டமான வேலை. அதுவும் இந்த வலிகாமத்தில்! மூச்சுவிட இடமில்லாமல் கோயில். இணுவில் தாண்டுவதற்குள் எத்தனை தரம் இறங்கினார் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் சைக்கிள் சரிகிறது, என் உயிர் போய் வருகிறது.

"இருந்தபடி கும்பிட்டாச் சாமி கோவிக்குமே?" என்று கேட்டேன்.

"சாமி கோவிக்காது. நான் கோவிப்பன்" என்றார்.

அளவெட்டியில் இவருடைய தங்கச்சி வீடு. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். பிரஷர் பரவாயில்லை. நான் மச்சாளைக் குசினிக்குள் கூப்பிட்டு நாளைக்குப் போகிற பாதையில் எங்கெங்கே கோயில் என்று விசாரித்தேன். என்னுடைய பக்தியைப் பார்த்து அவவுக்குச் சரியான சந்தோஷம். கோயில்களைத் தவிர்க்கத்தான் கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

வியாழன்.

வெயில், ஆனால் காற்றுக் குளிர். நெல் மஞ்சள் பூத்து நிற்கிறது. ஆறு என்பது இங்கே அகலமான வாய்க்கால்தான். இரண்டு பக்கமும் வயல், இடையிடையே குளம், தள்ளிப் பனைகள். மதகடியில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் சத்தம் போடுகிறது. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தது, என்னுடைய துவாயைப் போல. வடிவான இடம். பார்க்கத்தான் மனமில்லை. என் கண் முழுக்க இவருடைய முதுகில்.

காலை முழுக்கப் பொய். பிள்ளையார் கோயில் ஒழுங்கை வெள்ளமாம் என்றேன். அம்மன் கோயில் வீதியில் நாய் கடிக்குமாம் என்றேன். இவர் ஒன்றும் கேட்காமல் நான் காட்டிய பக்கம் திரும்பினார். கந்தரோடை வரைக்கும் ஒரு தரம்கூட இறங்கவில்லை. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இவர் முகம் மட்டும் போகப்போக இருண்டது. களைப்பு என்று நினைத்தேன்.

இனி, மத்தியானம் நடந்தது.

சண்டிலிப்பாய்க்குக் கிட்ட இன்னொரு கோயில். அதைத் தவிர்க்க வயல் ஓரத்து ஒழுங்கையில் திருப்பினேன். அது ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய் ஏறுகிற ஒழுங்கை என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். இவர் முன்னுக்கு. மதிலுக்குள் இருந்து வெள்ளைச் சட்டையோடு ஒரு சின்னப் பெட்டை குறுக்கே ஓடிவந்தாள். இவர் பிரேக்கைப் பிடிப்பதைப் பின்னால் இருந்து பார்க்கிறேன். வலக்கை விரல் இறுகுகிறது. இடக்கை விரல் பிரேக்கின் மேல் கிடக்கிறது, இறுகவில்லை. சைக்கிள் உடனே நிற்கவில்லை. ஹாண்டிலை வெட்டி வயலுக்குள் இறக்கிவிட்டார்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நடந்ததே தெரியாமல் ஓடிவிட்டாள். இவருக்கு முழங்காலில் உரசல், சேறு. மாத்திரைப் பை ஒன்று தண்ணீருக்குள். மற்றது என்னிடம் இருந்தது. (சிரிக்கட்டும் இனி.)

வயல்காரர் ஒருவர் சைக்கிளைத் தூக்கிவிட்டார். "என்னண்ணை, கோயிலடி றோட்டு நல்ல றோட்டெல்லே, அதை விட்டிட்டு ஏன் இதுக்குள்ளை வந்தனியள்?" என்றார். இவர் என்னைப் பார்க்கவில்லை. நான் செத்துவிட்டேன்.

சண்டிலிப்பாயில் என் ஒன்றுவிட்ட அக்கா வீடு. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டினோம். சோறு தின்றார். பிரஷர் கூடியிருந்தது. என்னுடையதைப் பார்க்கவில்லை, பார்த்தால் மிஷின் வெடித்திருக்கும்.

வெள்ளி.

மூட்டம். வீட்டுக்குத் திரும்புவோம் என்று கெஞ்சினேன். ஆற்று வாயைப் பார்க்காமல் வரமாட்டாராம். இன்றைக்குப் பாதையை நான் சொல்லவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் வந்தது, இறங்கினார். இன்னொன்று, இறங்கினார். நானும் வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

அராலி. தண்ணீரை மறித்துக் கதவுகள் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் உப்புக்கடல். கதவு இடுக்கால் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு போகிறது. கொக்குகள் வரிசையாக நின்று மீன் பொறுக்குகின்றன. இரண்டு பேரும் பாலக்கட்டில் இருந்தோம். பிஸ்கட் நனைந்து களியாகிவிட்டது. அதையும் தின்றோம்.

நானே சொன்னேன். வெள்ளமும் இல்லை, நாயும் இல்லை, கோயில் வந்தால் இறங்குவீர்கள், விழுவீர்கள் என்ற பயத்தில் சுத்திக் கொண்டுபோனேன் என்று. அழுகை வந்துவிட்டது.

இவர் கோபிக்கவில்லை. தெரியும் என்றார். அம்மன் கோயிலடியிலை நாயும் இல்லை, தையிலை வெள்ளமும் இல்லை, இதென்ன, நான் வான் ஓடாத றோட்டே என்று கேட்டார். பிறகு சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"இஞ்சாரும், நான் எல்லா இடமும் கும்பிடுறதுக்கு இறங்கேல்லை. கோயில் வாசல் வந்தா நிக்கவேணும். அது என்ரை காலுக்கும் கைக்கும் பழகின விஷயம். அதாலை ஒவ்வொரு வாசலிலையும் இடக்கைப் பிரேக்கை மட்டும் பிடிச்சுப் பாக்கிறனான். நிண்டால் வான் ஓடலாம் எண்டு எனக்குள்ளை ஒரு கணக்கு."

நிண்டதே என்று கேட்டேன்.

"எங்கேயும் நிக்கேல்லை. கடைசியிலை வலக்கையாலைதான் நிப்பாட்டினனான். நேற்று நீர் கோயிலே இல்லாத பாதையாலை கூட்டிக்கொண்டு போனீர். அப்ப எனக்கு ஒரு நினைப்பு, தேடாத நேரத்திலை கை தானா வேலை செய்யும் எண்டு. அந்தப் பிள்ளை ஓடிவந்துது."

இடக்கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். திருப்பிப் பிடித்தார். பிடித்தார் என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவு மெல்லிசு.

கல்லுண்டாய் வெளியால் வீடு. எதிர்க்காற்று. ஒரு கோயிலும் இல்லாத நீளமான றோட்டு. இன்றைக்குப் பார்த்து அப்படி.

ஞாயிறு.

நேற்று மழைத்தூறல், ஒன்றும் எழுதவில்லை. சேற்று உடுப்பு மூன்று தண்ணீரில் அலசியும் கறை போகவில்லை.

காலையில் இவருடைய வானில் போன ஒரு பிள்ளையின் தாய் போன் எடுத்துக் கேட்டார். வாற மாதத்திலிருந்து வான் ஓடுவாரோ, இப்போது ஓட்டோவில் அனுப்பப் பயமாக இருக்கிறதாம், இவரென்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாமாம். டொக்டர் சொன்னால்தான் என்று இழுத்தேன். இவர் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"இல்லைப் பிள்ளை. நான் இனிப் பிள்ளையளை ஏத்தமாட்டன். வேறை நல்ல ஆளாப் பாருங்கோ" என்றார்.

போனை என்னிடம் தந்துவிட்டு வளவுக்குள் போனார். வானைத் திறந்து, சீற்றுகளுக்குக் கீழே குனிந்து, பிள்ளைகள் விட்டுப்போன சாமான்களை வெளியே எடுத்து வைத்தார். ஒரு தண்ணீர்ப் போத்தல், அழிறப்பர், ஒற்றைச் சப்பாத்து. சப்பாத்து யாருடையது என்று பெயர் சொன்னார்.

நான் சொல்ல வேண்டியதை இவரே சொல்லிவிட்டார். எனக்கு வந்தது ஆறுதல். நெஞ்சு நிறைய ஆறுதல். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் சீனி வாங்கக் கடைக்குச் சைக்கிளில். ஒழுங்கை முகப்பில் வைரவர் கோயில். வழக்கம்போல எழும்பி நெஞ்சைத் தொடத்தான் போனேன். ஏனோ, வலக்கையை எடுத்துவிட்டு இடக்கைப் பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்த்தேன்.

உடனே நின்றுவிட்டது. எவ்வளவு லேசாக. இறங்கினேன். திரும்பி ஏற முடியவில்லை. கடைவரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன்.