பெருஞ்சுவரில் சென்றி

வெள்ளிக்கிழமை, ஆவணி 2009

இன்னும் கோபம் தணியவில்லை. இறால் வளர்ப்புப் பயிற்சிக்காக ஐந்து பேர் அடுத்த மாதம் சீனாவுக்குப் போகிறார்கள். போன வருடம் போய் வந்தவன் என்பதால், சுனாமிக்குப் பிறகு கட்டிய மண்டபத்தில் இன்று என்னைப் பேசச் சொன்னார்கள். அரண்மனை, தேநீர் குடிக்கும் முறை, குச்சியால் சாப்பிடும் விதம் என்று ஒரு கிழமையாக ஆயத்தம் செய்திருந்தேன். பெருஞ்சுவரின் படத்தைக் காட்டியதும்தான் பனிச்சங்கேணித் தவராசா வாய் திறந்தான்.

"அண்ணன், அந்தக் கோபுரம் எல்லாம் ஆமி காவல் நிக்கிற சென்றியா? ஒவ்வொண்டிலயும் ஐசி அட்டை காட்டணுமா?"

"அது பழங்காலத்துச் சுவர் தம்பி. இப்ப அங்க ஆமி இல்ல."

"மறுகா ஆரும் கேட்டா? பொலிசில பதிஞ்ச துண்டு கையில இருந்தா நல்லந்தானே?"

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். பிறகு கடைசிவரை பாஸ், பதிவு, துண்டு என்று இதே கேள்விகள்தான். "ஊர் பாக்கப் போறீங்களா, செக்கிங்குக்குப் போறீங்களா?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

கத்தியிருக்கக் கூடாது. போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்தச் சுவரில் ஏறிய அன்று, முதல் கோபுரம் வந்ததும் ஊர்ச் சென்றியில் செய்வதுபோல நானும் தொப்பியைக் கழற்றினேன். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வழிகாட்டிப் பெண் திரும்பி வந்து கூப்பிடும்வரை நான் நகரவில்லை.