மலைமேல் மாலைக்கண்

அக்டோபர் 18, சனி

கடையில் இன்று பதினோரு பேருக்குக் கண் சோதித்து மூக்குக்கண்ணாடி எழுதினேன். கடைசியாக வந்த கணக்கு வாத்தியார், "பசங்க ரெண்டு ரெண்டா தெரியறாங்கம்மா. ஒருத்தனையே சமாளிக்க முடியல" என்று புலம்பினார்.

நிலவில்லாத இரவு. கேமரா, முக்காலி, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காத சிவப்பு விளக்கு, தண்ணீர் எல்லாம் பைக்குள் போயாயிற்று. "நட்சத்திரம் என்ன ஓடியா போகுது? நம்ம மொட்டை மாடியில நின்னு எடுத்தா கோவிச்சுக்குமா?" என்று அண்ணி வழக்கம்போல ஆரம்பித்தாள். அண்ணன் எட்டு மணிக்கே படுத்துவிட்டான். வீட்டில் அவனுக்குக் கோழி என்று பெயர். பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் அடைந்துவிடுவான்.

அக்டோபர் 19, ஞாயிறு

முழங்காலில் சிராய்ப்பு. ஒன்பது வருடமாக ஏறும் மலைப்பாதை. மூன்றாவது திருப்பத்தில் பாறை இருப்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் போய் இடித்துக்கொண்டேன்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நேராகப் பார்த்தால் மங்கலாக இருக்கும். கண்ணைச் சற்று விலக்கி ஓரக்கண்ணால் பார்த்தால் பளிச்சென்று வரும். இரவில் வானம் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. நேற்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பனிமூட்டம் என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்தேன். படத்தில் வானம் துல்லியமாக இருக்கிறது. அப்படியானால் மூட்டம் எங்கே?

அக்டோபர் 20, திங்கள்

கடை திறக்கும் முன் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து என்னை நானே சோதித்தேன். கடைசி வரிவரை கடகடவென்று வந்தது. "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீங்க. உங்களுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றார் முதலாளி. புதுப் பலகை ஒன்றையும் எடுத்துப் படித்தேன். அதிலும் குறையில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது. வயதாகிறது, கால் தடுமாறுகிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

இப்போதுதான் வீடு வந்தேன். எழுதிவிடுகிறேன்.

நேற்று படம் எடுத்து முடித்து இறங்கும்போது பாதை இல்லை. சிவப்பு விளக்கில் என் கால்கூடத் தெரியவில்லை. போன் விளக்கை அடித்தேன். நடுவில் சின்ன வட்டம் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. சரிவு எந்தப் பக்கம்? இடமா? வலமா? ஒரு கல் என் காலில் பட்டு உருண்டது. விழுந்த சத்தம் வர ரொம்ப நேரம் ஆச்சு. ஐயோ, அது நானா இருந்திருந்தா?

தவழ்ந்து தவழ்ந்து ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் பார்த்தால் சரிவு என்னிடமிருந்து நான்கு அடியில்.

நவம்பர் 27, வியாழன்

கண் டாக்டர் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி மின்னும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் வராமல் இருந்தது. இயந்திரம் பழுதோ என்று கேட்டேன். "இல்லம்மா, நல்லாத்தான் ஓடுது" என்றார்.

விழித்திரை ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டு வருகிறதாம். முதலில் மாலைக்கண், பிறகு ஓரப்பார்வை போகும். நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருந்து ஏமாற்றும். எழுத்துப் பலகை அந்த நடுவை மட்டும்தான் கேட்கும். பதினாறு வருடமாக இதே வேலை, எனக்கு இது தோன்றவில்லையே! மருந்து இல்லை. "பரம்பரையா வர்றது. கூடப் பிறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க."

நவம்பர் 30, ஞாயிறு

அண்ணனிடம் எப்படிச் சொல்வேன்?

டிசம்பர் 7, ஞாயிறு

சொன்னேன். அவன் அதிரவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எட்டு வருஷமா இருக்கு பாப்பா" என்றான்.

அச்சகத்தில் இரவு வேலையை விட்டது அதனால்தானாம். தூக்கம்தான் முக்கியம் என்று அவன் சொன்னதை நம்பி எட்டு வருடம் கோழி, கோழி என்று சிரித்திருக்கிறோம். அண்ணிக்கும் தெரியாது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் டாக்டரும் அன்றைக்கே, தங்கையைக் கூட்டி வா என்றாராம். "கூட்டிட்டுப் போனா நீ மலையேறறதை விட்டுடுவ. உனக்கு வேற என்ன இருக்கு? உனக்கு வரலன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்."

நான் செத்திருப்பேன்டா! நாலடி! எனக்கு வேற என்ன இருக்குன்னு நீ யாரு முடிவு பண்ண? கத்திவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். அவன் மேல் கோபம். அவன் தனியாக எட்டு வருடம் பயந்துகொண்டிருந்தான் என்று நினைத்தால் அந்தக் கோபமும் நிலைக்க மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 10, புதன்

இன்னும் பேசவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அண்ணி எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். "பகல்ல ஏறுங்க, ராத்திரி இருந்த இடத்துல இருங்க, விடிஞ்சதும் இறங்குங்க. இது தெரியாம ஆளுக்கொரு மூலையில அழுதுட்டிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு புத்தி இருந்தா போதாதா?"

அண்ணன், "நானும் வரட்டுமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான். தலையாட்டினேன். பிறகு, அவன் தரையைப் பார்க்கிறான் என்பது உறைத்து, "வா" என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

நேற்று மூன்று மணிக்கே ஏறினோம். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. வழியில் நான்கு முறை செருப்பைக் குறை சொன்னான். வெளிச்சம் இருக்கும்போதே முக்காலியை நிறுத்தி, கேமராப் பொத்தான்களை விரலால் தடவித் தடவிப் பழகிக்கொண்டேன்.

இருட்டியதும் இருவரும் மேலே பார்த்தோம். எனக்கு இரண்டு மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தன. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். சின்ன வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

வெளிச்சம் சேர முப்பது நொடி திறந்து வைத்து ஒரு படம் எடுத்தேன். கேமராவைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். திரையை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். நூற்றுப் பத்தில் நிறுத்திவிட்டான்.

"இதெல்லாம் இப்ப நம்ம தலைக்கு மேலயா இருக்கு?" என்று கேட்டான்.

"ஆமா" என்றேன்.