மைக்கில் சொன்னது

திகதி 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. அம்பிட்டிய பஸ் நிறைய ஈரக்குடை, ஈரச்சேலை. கடை திறக்க ஒன்பது. கொப்பி மெஷினில் மை தீர்ந்துவிட்டது. எதிரே கச்சேரிக்கு, அரசாங்க அலுவலுக்கு வந்த சனம் எல்லாம் கொப்பி எடுக்கப் பக்கத்துக் கடைக்கு.

பத்தரைக்கு ஜெயக்குமார் போன். எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர். குரலிலேயே தேன்.

"அக்கா, தலைவர் முடிவு எடுத்துட்டாரு. வண்டிச் சின்னத்துக் கட்சியும் நம்ம வேட்பாளருக்குத்தான் ஆதரவு. ஜனாதிபதித் தேர்தல் முடியுற வரைக்கும் அவங்களும் நம்ம ஆளுங்க."

"ராசையாவுமா?"

"அவரு அவங்க அமைப்பாளராச்சே அக்கா."

போனை வைத்துவிட்டேன்.

எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடக் கூடாது என்று. போன பிரதேச சபைத் தேர்தலில் நான் குடைச் சின்னத்தில் நின்றேன். இந்த ராசையா சந்தியில் மேடை போட்டு, மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "புருஷன வச்சுக் குடும்பம் நடத்தத் தெரியாதவ, சபைய நடத்தப் போறாளாம்." சனம் சிரித்தது. எனக்குத் தெரிந்த முகங்களும் சிரித்தன. தோற்றேன். தோற்றதுகூட ஆறிவிட்டது.

திகதி 5, வியாழன்

மழை இல்லை. கூட்டுக் கூட்டத்தின் நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் பார்வைக்கு வந்தது. இடம் கடுகண்ணாவை. அவன் பெயர் மூன்றாவது, என் பெயர் ஏழாவது. எனக்குக் கீழே ஒலி ஒளி அமைப்பாளர் மட்டும்.

ஜெயக்குமாரிடம் சொன்னேன்: அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்காமல் ஒரே மேடையில் ஏற மாட்டேன்.

"பெரிய காரியம் நடக்கையில சின்ன விசயத்தத் தூக்கிக்கிட்டு வராதீங்கக்கா."

சின்ன விசயம். இவன் பெண்டாட்டியைச் சொல்லியிருந்தால் தெரியும், எவ்வளவு சின்னது என்று.

செய்ய வேண்டியவை: மை வாங்க. கரண்ட் பில். வாக்காளர் பட்டியல் இரண்டு கொப்பி. பல் டாக்டர் (தள்ளிப் போடலாம்).

திகதி 7, சனி

ராசையா வீட்டுக்கே வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கதிரை நுனியில் உட்கார்ந்தான். தொப்பை போட்டிருக்கிறது, தலையில் பாதி முடி காணோம். சந்தோஷமாக இருந்தது.

"அன்னைக்கு ஏதோ வேகத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. மன்னிச்சிருங்க."

"மைக்குல தானே சொன்னீங்க? மைக்குலயே சொல்லுங்க."

"அது எப்படிங்க, கட்சிக்காரங்க முன்னால..."

"என்னையப் பத்திச் சொன்னப்போ யாரு முன்னால சொன்னீங்க?"

தேநீரைக் குடிக்காமலே எழுந்தான். கடைசியில், சரி, கடுகண்ணாவையில் சொல்கிறேன் என்றான். வாழைப்பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

திகதி 10, செவ்வாய்

கடுகண்ணாவை. நல்ல கூட்டம். இரண்டு கட்சிக் கொடியும் ஒரே கம்பில், யார் மேலே என்பதில் கீழே இரண்டு பேர் கழுத்தைப் பிடித்துக்கொள்ளாத குறை. மேடையில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு.

ராசையா முக்கால் மணி நேரம் பேசினான். சம்பளம், வீடு, காணி எல்லாம் வந்தது. நான் காத்திருந்தேன். முடிக்கும்போது என் பக்கம் திரும்பி, "அக்காவும் நானும் ஒரே வீட்டுப் புள்ளைங்க. வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றான். கைதட்டல். அவ்வளவுதான். எனக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

என் முறை வருவதற்குள் வேட்பாளர் வந்துவிட்டார். பட்டாசு, தள்ளுமுள்ளு. நான் பேசவே இல்லை.

போட்டோ இப்போது எல்லார் போனிலும். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவன்மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின்மேல் கோபம்.

திகதி 14, சனி

தாவிவிட்டார்கள். வண்டிக் கட்சி மொத்தமாக மற்ற வேட்பாளர் பக்கம். பிரதி அமைச்சர் பதவி பேசி முடித்தாயிற்றாம். நான்கு நாள்கூடத் தாங்கவில்லை இவர்களுடைய ஒரே வீடு.

ஜெயக்குமார் கடைக்கே ஓடி வந்தான், கல்யாண வீட்டுக்காரன் மாதிரி.

"அக்கா, இனி நீங்க ராசையாவ என்ன வேணும்னாலும் பேசலாம். தலைவரே சொல்லிட்டாரு. திகனயில பெரிய கூட்டம். ஒங்களுக்கு ரெண்டாவது இடம்."

ஏழிலிருந்து இரண்டு. ஒரு தாளையும் நீட்டினான். அவன் கைப்பட எழுதியது. ராசையாவின் மகள் தர்ஷினி, கட்டிக் கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்துவிட்டாளாம். அதைப் பற்றி.

வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

திகதி 17, செவ்வாய்

இருமல். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

தாளை எடுத்துப் பார்த்தேன். ஜெயக்குமாருக்கு எழுத வராது, வளவளவென்று. நானே வெட்டித் திருத்தினேன். இரண்டு வரி போதும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது.

திகதி 18, புதன்

திகன. மாலை ஐந்துக்கே சனம். கடைக்கார முஸ்லிம் நானாமார் கதவைப் பாதி சாத்திவிட்டு வாசலில் நின்று கேட்டார்கள். மைக் என் கைக்கு வந்தது.

"மகள ஒரு வீட்ல வாழ வைக்கத் தெரியாத ராசையா, மலையகத்த வாழ வைக்கப் போறாராம்!"

எப்படிச் சிரித்தார்கள். விசில் வேறு. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

நன்றாகச் சாப்பிட்டேன். உடனே தூங்கிவிட்டேன்.

திகதி 19, வியாழன்

வெயில். காலையில் கடையில் ஆள் இல்லை. ஒரு பெண் வந்து பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இன்னும் சில தாள் கொடுத்தாள். எல்லாவற்றிலும் மூன்று கொப்பி. பெயரைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். தர்ஷினி.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் பேசினாள். சத்தமே இல்லாமல்.

"அப்பா ஒங்கள மேடையில அப்படிப் பேசுனப்போ, நான் ஒரு மாசம் அப்பா கூடப் பேசல அக்கா. அப்போ எனக்குக் கல்யாணம்கூட ஆகல."

ஒரு தாள் கோணலாகப் போய் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்தேன்.

"மன்னிச்சிரும்மா."

அவள் கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். சனம் உட்காரும் வாங்கு காலி. வாசலிலும் யாரும் இல்லை.

"இங்கயா அக்கா?"

கொப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடவில்லை.

ஜெயக்குமாருக்கு நானே போன் எடுத்தேன். அடுத்த கூட்டம் எங்கே, எனக்கு மைக்கில் ஐந்து நிமிடம் வேண்டும் என்றேன்.

"என்னக்கா இது, பிரச்சாரம் நேத்தோட முடிஞ்சிருச்சே. இனி மைக் கட்டுனா பொலிஸ் தூக்கிரும். அதான் நேத்து பிரமாதமா பேசிட்டீங்களே!"