அப்பா நடித்த வயிற்றுவலி

ஆகஸ்ட் 12
எழுதும் அளவுக்கு இங்கே ஒன்றும் நடப்பதில்லை, பொறுத்துக்கொள், நோட்டே. இந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு வாய் திறந்து பேசத்தான் வராது.

நகரத்து மருத்துவக் கல்லூரி எங்கள் கென்டக்கி மலைக்கும் வந்துவிட்டது. மூடிக்கிடந்த சூப்பர் மார்க்கெட்டில் கிளை வளாகம். எனக்கு அங்கே வேலை: மாணவர்கள் பரிசோதித்துப் பழக, நோயாளி போல நடிக்க ஊர்க்காரர்களைப் பிடித்துவருவது.

அப்பா சிரித்தார். “பன்றிக்கறி வாங்கின கடையில இப்ப டாக்டருங்களத் தயார் பண்றாங்களா? காலாவதி தேதி பாத்துக்கடி, டெல்லா.”

சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஆகஸ்ட் 20
இரவெல்லாம் அப்பாவுக்கு இருமல். நிலக்கரிச் சுரங்கத்திலேயே கழிந்த வயது. “டாக்டர்ட்ட காட்டினா என்ன குறைஞ்சா போயிடும்?” என்று அம்மா கேட்டாள். “சுரங்கத்துல இறங்கினவன் எல்லாரும் இருமுவான். பேசாம இரு.” அப்பா எழுந்து போய்விட்டார்.

நான்? தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 29
நடிக்க ஆள் போதவில்லை. அப்பா தானாகவே வருகிறேன் என்றார்! “நடிக்கத்தானே? உன் மானத்தக் காப்பாத்தறேன்.” அவருக்கு நடிக்க வயிற்றுவலி கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 4
பரிசோதனை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மற்ற மாணவர்களோடு நின்று பார்த்தேன். மெரிடித் என்ற மாணவி அவர் வயிற்றை அழுத்தினாள். அப்பா நன்றாகவே முனகினார். அப்புறம் இருமல் — நிற்கவே இல்லை, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“இருமல் அப்படியே நிஜம் மாதிரி, சார்! என்னைக் குழப்பத்தானே?”

அப்பா அவளையே பார்த்தார். “ஆமாம்மா. குழப்பத்தான்.”

என்னோடு நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடியைத் தட்டியிருக்கக் கூடாதா நான்? ஏன் தட்டல? கை எங்க போச்சு?

செப்டம்பர் 5
அப்பா சாப்பிடவில்லை. பீன்ஸும் சோளரொட்டியும் அப்படியே.

செப்டம்பர் 8
அம்மா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். அப்பா காபியை ஆறவிட்டபடி சொன்னார்: “அந்தப் பொண்ணுக்குக் கை ரொம்ப மெதுடி. எங்க வலிக்குதுன்னு இவ்ளோ நேரம் யாரும் என்னைக் கேட்டதில்ல.”

அப்போதுதான் கேட்டேன். அவர் ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்றார்.

நான் கேட்டது இவ்வளவுதான்:

“நாளைக்கும் என்கூட வாங்கப்பா. நடிக்க வேண்டாம். சும்மா இருமுங்க.”