வளைவில் விட்டு வந்த கல்

அன்பு மகள் சந்தலாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பிரெஞ்சுக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். என் முழங்கால் வலியை விட்டுத் தள்ளு, அது இப்போது வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று, கறுப்பு எருமை கன்று போட்டிருக்கிறது. மற்றபடி எல்லாம் உன்னைப் பற்றிய கவலைதான். டிசம்பரில் லுவாங் பிரபாங்கில் விமானம் இறங்கி அங்கிருந்து வீட்டுக்கு மலை ஏறிச் சைக்கிளில் வருகிறேன், அதுவும் தனியாக வருகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அம்மாவோ, "உங்க மகதானே, ரோட்டைக் கண்டா கால் சும்மா இருக்குமா" என்று என்னையே இடிக்கிறாள். இருபத்தாறு வருஷம் அதே மலையில் லாரி ஓட்டியவன் என்பதால்தான் எனக்கு இவ்வளவு பயம், அது அவளுக்குப் புரிவதில்லை.

டியூப் நாலு அங்கிருந்தே கொண்டு வா, பம்பும் கொண்டு வா. உங்கள் ஊர் டியூபின் ஒல்லி வாய்க்கு இங்கே எந்தக் கடைப் பம்பும் பொருந்தாது. பிரேக் கட்டை இரண்டு ஜோடி வேண்டும், அந்த இறக்கம் ஒரு ஜோடியைத் தின்றுவிடும். காலையில் பனிமூட்டம் விலகுகிற வரை, ஒன்பது மணியானாலும் சரி, வண்டியை எடுக்காதே, சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் ஏதாவது ஒரு விடுதியில் இரு. காலையில் சந்தையில் ஒட்டரிசிச் சோறு வாங்கி மூங்கில் கூடையில் வைத்துக்கொள், ஏற்றத்தில் முப்பது கிலோமீட்டருக்கு ஒரு கடை இருக்காது. ஒதுங்கப் போனாலும் மாடு நடந்த தடத்தை விட்டுப் புதருக்குள் கால் வைக்காதே, போர்க் காலத்தில் விமானம் போட்ட பழைய குண்டு இன்னும் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கிறது, உனக்குத் தெரியாததா. மேலே மோங் மலைச்சாதி ஊர்களில் அப்போது வருஷப் பிறப்பு, பிள்ளைகள் ரோட்டிலேயே பம்பரம் விடும், மெதுவாக வா. கல்யாண வீட்டில் கூப்பிட்டுச் சாராயம் நீட்டினால் மறுக்காதே, உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடு, ஒரு மடக்கு உள்ளே போனால் இரண்டாவதற்கு விடமாட்டார்கள். லாரிகள் பிரேக் சூட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இறங்குவதால் நல்ல வெயிலிலும் வளைவு நனைந்திருக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொடாதே.

முக்கியமானது இனிமேல்தான். ரோட்டில் ஒடித்துப் போட்ட பச்சைக் கிளை கிடந்தால் அடுத்த வளைவில் ஒரு வண்டி பழுதாகி நிற்கிறது என்று அர்த்தம், உடனே இறங்கித் தள்ளிக்கொண்டு போ. கிளை இல்லாவிட்டாலும் நம்பாதே. பழுதான லாரி பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள், சரியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். லாரிக்கு அது கல், சைக்கிளுக்கு அது எமன்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் பள்ளிக்கூடத்துத் தோங்கம் வாத்தியாரை நினைவிருக்கும். நீ எட்டு வயதில் அவரைப் போல நொண்டி நடந்து காட்டினாய் என்று நான் உன்னை மூங்கில் குச்சியால் அடித்தேன், அம்மாகூட, "இதுக்குப் போயா இந்த அடி" என்று குறுக்கே வந்தாள். அதற்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் மலை உச்சியில் இருக்கிற பூகூன் ஊருக்குக் கீழே ஐந்தாவது வளைவில் என் லாரி நின்றுவிட்டது. இரண்டு கல் வைத்தேன், பழுது பார்த்தேன், மழைக்குப் பயந்து கல்லை எடுக்காமல் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலைப் பனியில் வாத்தியார் சைக்கிளில் அந்த வளைவில் இறங்கியிருக்கிறார். அடுத்த நடையில் நான் போனபோது என் கை கிரீஸ் மசி பட்ட கல் அங்கேயே கிடந்தது, பக்கத்தில் நோட்டுப் புத்தகங்கள் நனைந்து கிடந்தன. "எவனோ லாரிக்காரன் பண்ண வேலை" என்று ஊர் ஏசியது, நானும் சேர்ந்து ஏசினேன். அம்மாவுக்குக்கூட இன்று வரை தெரியாது. அந்த அடி நான் வாங்க வேண்டியது, நீ வாங்கினாய்.

இப்போது வாரத்தில் நாலு நாள் மோட்டார் சைக்கிளில் மேலே போய் வளைவு வளைவாகக் கல்லைப் பொறுக்கிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வருகிறேன். அம்மாவிடம் ஆற்றுக்கு மீன் பிடிக்க என்று சொல்லி வைத்திருக்கிறேன், "ஒரு குஞ்சு மீன்கூடச் சிக்கலையா உங்களுக்கு" என்று ஏசுகிறாள். பயம் மட்டும் குறையவில்லை. நேற்று எடுத்த இடத்தில் இன்று வேறு எவனோ வைத்த கல் கிடக்கிறது.

நீ வந்ததும் கையில் கட்ட அம்மா வெள்ளை நூல் முறுக்கி வைத்திருக்கிறாள். உடம்பில் குடியிருப்பதாக நம் பெரியவர்கள் சொல்லும் உன் முப்பத்திரண்டு உயிரும் வழியில் ஒன்றுகூடத் தங்கிவிடாமல் உன்னோடு வீடு வந்து சேரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பூகூன் வந்ததும் போன் செய், அங்கேயே படுத்துக்கொள், காலையில் நான் வந்து நிற்கும் வரை இறங்காதே. நான் முன்னால் போகிறேன், நீ இருபது அடி விட்டுப் பின்னால் வா. கல் இருந்தால் முதலில் என் சக்கரத்தில் படட்டும்.

உன் அப்பா,
பூன்தம்