பொட்டலத்தின் மூலையில் ஒரு பெருக்கல் குறி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம், அம்மாவின் கண்ணையும் கோபத்தையும் சேர்க்காமல் சொன்னால். நீயும் காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போன ஞாயிறு நீ அனுப்பிய சாப்பாட்டுப் படத்தில், பொட்டலத்தின் மூலையில் கறுப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அம்மா எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள், இனி அவள் சொல்வதை எழுதாவிட்டால் என் தலை உருளும்.

அம்மாவுக்குக் கண்புரை எடுத்து இன்றோடு ஒன்பது நாள். ஊசியைக் கையால் தொடக் கூடாது, புதுக் கண்ணாடி வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை எல்லாம் ஆவி படிந்த கண்ணாடி மாதிரிதான் தெரியுமாம். தைக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் பொத்தான் டப்பாவைத் தரையில் கொட்டி, விரலால் தடவித் தடவிச் சின்னது பெரியது என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள். பிரித்து முடித்ததும் திரும்பக் கலந்துவிடுகிறாள். எதற்குக் கடிதம், போனில் பேசலாமே என்று கேட்டேன். "போன்ல ரெண்டு வார்த்தை சூடா சொன்னா உடனே சிக்னல் இல்லம்மான்னு வெச்சுடறான். லெட்டர்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும், எழுதுடி பூனை" என்றாள். அதனால் எழுதுகிறேன். கையெழுத்துக்குக் குறை சொல்லாதே, ஒன்பதாம் வகுப்போடு நின்ற கை இது.

அம்மா முதலில் கேட்கச் சொன்னது விலையைப் பற்றி. சாப்பிட்டதைப் படம் எடுத்து ஞாயிறுதோறும் அனுப்பச் சொன்னது அவள்தான், ஒத்துக்கொள்கிறாள். ஆனால் படத்தில் ஐந்து மாதமாக ஒரே பன், ஒரே உருளைக்கிழங்கு வறுவல். அதன் விலை என்ன என்று கேட்டதற்கு நீ சும்மா ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கடைச் சுவரில் இருக்கும் விலைப் பலகையையே படம் பிடித்து அனுப்பினாய். நான் வேலை பார்க்கும் கடையின் சிவப்புப் பலகையும் அதே, தொப்பியும் அதே, பன்னும் அதே கம்பெனிப் பன்தான். நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அம்மா அதை நம் காசுக்கு மாற்றி, பிறகு தன் காசுக்கு மாற்றினாள். தன் காசு என்றால் ஒரு பேன்ட்டின் கீழ்மடிப்பு தைத்தால் கிடைக்கும் கூலி, உனக்குத் தெரியும். உன் பன் ஆறு மடிப்பு. பெரிய வறுவல் நான்கு. குளிர்பானம் மூன்று. "ஒரு வேளைக்குப் பதிமூணு மடிப்பு முழுங்கறான். காலைலேருந்து குனிஞ்சு தைச்சாலும் எனக்குப் பதிமூணு பேன்ட் முடியாது. பன்னுக்குள்ள என்ன தங்கத்தைத் தட்டி வெச்சிருக்கானாம், கேளு" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

மூன்று வாரமாக இதே பாட்டுத்தான் அண்ணா, காது புளித்துவிட்டது. அங்கே சாஸ் பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு என்று பலகையில் இருந்ததை நான் வாய் தவறிப் படித்துவிட்டேன். இங்கே குழாயை அழுத்தி வேண்டுமட்டும் பிடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்பதில்லை. "சாஸுக்குமா காசு? நாளைக்கு உள்ள வந்து மூச்சு விட்டதுக்கும் பில் போடுவான், இவனும் சரின்னு கட்டிட்டு வருவான்" என்று அன்று முழுக்கப் புலம்பல். அங்கே குடித்த கோப்பையை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம், தண்ணீரும் கேட்டால் சும்மா தருவார்கள், இங்கே இரண்டுக்கும் காசு என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அங்கே சூப் உண்டு, மீன் பன் உண்டு, குழந்தைகளுக்கு ஆப்பிள் நறுக்கித் தருகிறார்கள், இங்கே அதெல்லாம் கிடையாது, சோற்றுப் பெட்டியும் காரக் கோழியும்தான் ஓடும் என்றும் சொன்னேன். "சூப் இருக்கில்ல, அதைக் குடிக்க வேண்டியதுதானே, ஏன் நாள் தவறாம பன்னு" என்று அங்கேயும் வந்து பிடித்துக்கொண்டாள். அங்கே வாடகை அதிகம் ஆள் கூலி அதிகம் என்று சொன்னதற்கு, இங்கே செய்து அங்கே அனுப்பினால் பாதி விலைக்கு விற்கலாமே, என் கடைக் கம்பெனிக்காரனுக்கு இது கூடவா தோன்றவில்லை என்று கேட்கிறாள். தையல் கடை மாமாவிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் சும்மா இருப்பாரா, "ஆபீஸ் உத்தியோகம்ல, பையன் ராஜா மாதிரி சாப்பிடறான்" என்று ஏற்றிவிட்டார். அதற்குப் பெருமையில் ஒரு சிரிப்பு, வீட்டுக்கு வந்ததும் உன் மேல் ஒரு எரிச்சல். நடுவில் நான்.

அம்மா சொட்டு மருந்து போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். பத்து நிமிடம் திறக்கக் கூடாது, பேசவும் கூடாது என்று நானாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். இனி வருவது நான் எழுதுவது.

அண்ணா, எங்கள் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிப்டுக்கு ஒரு சாப்பாடு இலவசம். அதைச் சுற்றிய பிறகு மூலையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் தட்டின் ஓரமாக வைப்போம், வாடிக்கையாளருடைய பொட்டலத்தோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் தட்டில் விளம்பரத் தாளும் விரிக்கக் கூடாது, தாள் காசு கொடுத்தவர்களுக்குத்தான். இது பயிற்சிப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. எல்லா நாட்டுக்கும் ஒரே புத்தகம் என்று எங்களை மேற்பார்க்கும் ஷிப்ட் அக்கா முதல் நாளே சொன்னார். அந்தக் குறியைப் பார்த்ததும் உன் பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது படம். பத்தொன்பதிலும் குறி இருக்கிறது. ஒன்றிலும் தாள் இல்லை. எல்லாம் மூன்றரையிலிருந்து நான்குக்குள் எடுத்தவை, மதியக் கூட்டம் வடிந்து எங்களுக்கும் இடைவேளை விடுகிற நேரம். விலை வேறு, பட்டியல் வேறு, சாஸுக்குச் சட்டம் வேறு, அந்தக் குறி மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று.

கணக்கு ஆபீஸ் என்ன ஆனது, எப்போது விட்டாய், அவர்களே அனுப்பினார்களா, எதுவும் நான் கேட்கப்போவதில்லை. உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல். எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். ஒரு காசு கொடுக்காமல் சாப்பிட்ட பன்னுக்காக மூன்று வாரமாக அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, "சரிம்மா, குறைச்சுக்கறேன்" என்று சொல்கிறாயே, அதைக் கேட்கும்போது எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை அழவும் முடியவில்லை. அதைவிட, அம்மா தினமும் என்னிடம் சொல்வதை நீ கேட்டதில்லை. "ஒருத்தன் நாற்காலியில உட்கார்ந்து கணக்குப் பார்க்கறான், ஒருத்தி நின்னுக்கிட்டுத் தட்டு துடைக்கிறா, ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானா" என்கிறாள். நீ செய்வதும் நான் செய்வதும் ஒரே வேலை, ஒரே தொப்பி. வீட்டில் உனக்குப் பெயர் ஆபீஸ், எனக்குப் பெயர் தட்டு. இந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டுவிட்டு மாமாவின் தையல் கடையில் போய் உட்கார வேண்டுமாம், பேசி முடித்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசி என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் போவதை நிறுத்தினேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கடையில் உள்ளே நின்று சுற்றித் தர வாய் தேவையில்லை. நான் சுற்றிய பொட்டலம் பிரிந்துபோவதில்லை என்று ஷிப்ட் அக்கா புதிதாக வருகிறவர்களை என் பக்கத்தில் நிறுத்துகிறார். கவுன்ட்டருக்கு வா, அங்கே நின்றால் கூலி கூட என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார், பயத்தில் இரண்டு தடவையும் தலையாட்டி மறுத்தேன். உன் விலைப் பலகைக்குக் கீழே ஆட்கள் தேவை என்று கூலியோடு ஒட்டியிருக்கும் தாளையும் நான் படித்தேன், அம்மாவுக்கு மட்டும் அதைப் படித்துக் காட்டவில்லை. நீ ஒரு மணி நேரம் நின்றால் இரண்டு பன்னும் ஒரு காப்பியும் வாங்கலாம். நான் ஒரு மணி நேரம் நின்றால் நடுத்தர வறுவல், பன்னுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். மடிப்பில் கணக்குப் போட்டால் உன் ஊர்தான் கொள்ளை, நின்ற நேரத்தில் போட்டால் என் ஊரில்தான் விலை அதிகம். இதை அம்மாவுக்கு விளக்கலாம், ஆனால் விளக்கினால் நீ ஏன் நிற்கிறாய் என்பாள்.

கண்ணாடி வந்த அன்றே எங்கள் கடைக்கு வந்து விலைப் பலகையைத் தன் கண்ணால் பார்த்து உன் படத்தோடு ஒப்பிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் பொட்டலங்கள் கவுன்ட்டர் ஓரத்திலேயே வரிசையாக இருக்கும், குறி மேலே தெரியும்படி. அம்மா கேட்பாள், ஷிப்ட் அக்கா சொல்வார், வீட்டுக்கு வந்து உன் படங்களை எடுப்பாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாளாவது ஆகும். மீதி இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. போன் எப்போதும் அவள் மடியில், சத்தமாகத்தான் போடுவாள், அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீயே சொல்லிவிடு. திட்டுவாள், இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பாள், மூன்றாவது வேளை அந்தப் பன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பாள்.

அம்மா எழுந்துவிட்டாள். எழுதச் சொல்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், சாக்ஸ் ஈரமாக இருந்தால் போடக் கூடாதாம், வாரத்தில் நான்கு நாளாவது வீட்டில் சமைக்க வேண்டுமாம். நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்கு ஒரு குறையும் வரக் கூடாது, நீ கால் வைத்த இடமெல்லாம் விளங்க வேண்டும் என்று ஆசி சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை படம் அனுப்ப மறக்காதே என்றும் சொல்கிறாள், இவ்வளவு திட்டிய பிறகும்.

அம்மா சொல்ல எழுதியவள்,
உன் தங்கை பூனை

படித்துக் காட்டச் சொன்னாள். தொடக்கத்தில் குறியைப் பற்றி எழுதியதையும் அவள் கண்ணை மூடியிருந்தபோது எழுதியதையும் விட்டுவிட்டு மற்றதைப் படித்தேன். தலையாட்டிக் கேட்டாள். பிறகு, "மாசக் கடைசியில தங்கச்சி வேலையை விடறான்னு ஒரு வரி சேரு, அவனும் ரெண்டு வார்த்தை புத்தி சொல்லட்டும்" என்றாள். பேனாவை எடுத்தேன். அதை எழுத மாட்டேன் என்று சொன்னேன். பொத்தானைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "என்னடி சொன்னே?" என்று கேட்டாள். நான் அவள் மடியிலிருந்து போனை எடுத்து, ஷிப்ட் அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து கவுன்ட்டரில் நிற்கிறேன் என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.