என் பேர் போட்ட நாற்காலிகள்

ஏப்ரல் 2

விடிந்ததிலிருந்து மழை. கந்தப்பளைச் சந்தியில் ஆட்டோவுக்குள்ளேயே முடங்கல். ஏற ஆளில்லை, ஒரு ஹயர்கூட இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வண்டி முதலாளிக்கு நாள் வாடகை கொடுத்தாக வேண்டும்.

சாப்பிடத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டில் என் மனைவி லெச்சுமியின் அண்ணன் சந்திரன் இன்னும் போர்வைக்குள். தோட்டத்தின் அடுத்த டிவிசன் திருவிழாவில் அவன் வாடகைக்கு விட்ட ஸ்பீக்கர் பாடுவது இங்கே கேட்கிறது. நாற்காலி வாடகை வேறு. எனக்கு வயிறு எரிகிறது.

"வேலைக்குப் போகலையா மச்சான்?"

"அதான் வேலை நடக்குதே, கேக்கலையா?"

ஏப்ரல் 5

லெச்சுமியிடம் தோடு கேட்டேன். நாற்காலி வாங்க. ஒரு தடவை வாங்கிப்போட்டால் பிறகு படுத்துக்கொண்டே வருமானம் என்றேன். கழற்றித் தந்தாள். ராத்திரிப் பருப்பில் உப்பில்லை.

ஏப்ரல் 8

நாற்காலிகள் வந்தன. சந்திரனுடையதைப் போலவே வெள்ளை. அடியில் சிவப்புப் பெயின்டில் என் பெயர், கணேசன். வருஷம் பிறந்ததும் மேல் லயத்து முருகையா மகள் கல்யாணம். என்னிடமே எடுப்பதாகச் சொல்லிவிட்டார். முதல் வாடகை!

ஏப்ரல் 10

கீழ் லயத்துக் கருப்பையா போய்விட்டார், பாவம். சந்திரன் நுவரெலியாவில், அவன் வீடு பூட்டு. நானே நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். சாவு வீட்டில் வாடகை கேட்கும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை.

மத்தியானம் தோட்டத் தலைவர் சத்தமாக: "சந்திரனுக்கு நல்ல மனசுங்க. ஊருல இல்லாட்டியும் நாற்காலி போட்டுட்டான்."

அந்த நேரம் பார்த்துச் சந்திரன் வந்து நின்றான். நாற்காலி தன்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்து, "யாரு பேரு இருக்குன்னு பாருங்க!" என்றேன். எல்லோரும் பார்த்தார்கள், பாடை கட்டியவர்கள்கூட. நல்லா வேணும் அவனுக்கு.

ஏப்ரல் 12

வெயில். பிரேக் சரியில்லை, பார்க்க வேண்டும்.

முருகையா வந்தார். உட்காரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. எழவு வீட்டுல போட்ட நாற்காலிய கல்யாணத்துல போட வீட்டுல பயப்படுறாங்க. சந்திரன் அதுக்கு வேற, இதுக்கு வேறன்னு வச்சிருக்கானாம்."

"கழுவிட்டேங்க."

"ஒங்க பேர எல்லாரும் பாத்துட்டாங்களே."

லெச்சுமி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தோடு இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. அவர் போனதும் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து என் முன்னால் வைத்தாள்.

"பேரு போட்டிருக்குல்ல, ஒக்காருங்க."